பாளைக்கு அடைத்த வேலி

ஏரம்பு செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். எழுதத் தெரிந்த மனுசனுக்கு முன்னால் வாயைத் திறந்தான்.

அது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷம். மாரி பொய்த்துப்போய் அளவெட்டிப் பக்கத்துச் செம்மண் வெடித்துக் கிடந்தது. ஏரம்புவின் மகள் குணலட்சுமிக்கு ஒன்பது வயது. கையும் காலும் ஈர்க்கு, வயிறு மட்டும் பூசணிக்காய். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் கடதாசி. ஆட்டுக்கொட்டில் சுவரைச் சுரண்டிச் சுரண்டி மண் தின்னுவாள். வயிற்றில் பூச்சி என்று சொல்ல வைத்தியர் தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

பூச்சிக்கு அரசாங்கம் எண்ணெய் கொடுக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏரம்பு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனான். அங்கே அப்போத்திக்கரி நேசையா இருந்தார். அவரை நல்ல மனுசன் என்றுதான் ஊர் சொல்லும். ஒருவருக்கும் கெடுதல் செய்ததில்லை, நன்மையும் செய்ததில்லை, எதைச் சொன்னாலும் எழுதி வைப்பார். எண்ணெய் முடிந்துவிட்டது, அடுத்த கப்பல் வரவேண்டும் என்று சொல்லி வெறும் போத்திலை எடுத்துக் காட்டினார். போத்திலில் ஒட்டியிருந்த கடதாசியில் ஒரு செடியின் படம் இருந்தது.

“உதுவும் ஏதோ ஒரு பூண்டின்ரை சாறுதானே ஐயா?” என்று கேட்டான் ஏரம்பு.

“இது அமெரிக்காவிலை முளைச்ச பூண்டு, ஏரம்பு. கப்பல் ஏறி வந்தது.”

அப்போதுதான் ஏரம்பு வாயைத் திறந்தான். தன்னுடைய புகையிலைத் தோட்டத் தறை வரம்பில் ஆடுதின்னாப்பாளை நிற்கிறது என்றான். மற்ற இடமெல்லாம் கருகிப்போனாலும் இறைப்புத் தண்ணீர் கசிவதால் அங்கே மட்டும் பச்சையாக நிற்கிறது என்றான். மூத்த பொடியன்கள் இரண்டு பேருக்கும் பூச்சி கண்டபோது அதைத்தான் இடித்து ஒரு சின்னக் கரண்டி சாறு பனங்கட்டியோடு கொடுத்தது, கன்றுக்குட்டிக்கும் கொடுத்தது, இவளுக்கும் அதையே கொடுத்துவிடுகிறேன் என்றான். நேசையா பென்சிலை எடுத்தார். எந்த வரம்பு, எத்தனை செடி, எந்தப் பக்கம் படலை என்று கேட்டார். பெரிய மனுசன் கேட்கிறாரே என்று ஏரம்பு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது. பொழுது பட்டபிறகு மருந்துக்கு இலை ஆயக்கூடாது. விடிய ஆய்வோம் என்று படுத்துவிட்டான்.

விடிய இறைப்பு முறை. கிணற்றுத் துலாவில் இருந்து இறங்கிக் கடகத்தை எடுத்துக்கொண்டு வரம்புக்குப் போனான். அங்கே நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அளவெட்டியில் மேளத்துக்குப் பஞ்சமில்லை. கலியாணத்துக்கு ஊதுவார்கள், காது குத்துக்கு ஊதுவார்கள். ஒரு புகையிலை வரம்புக்கு ஊதியதை ஊர் அன்றைக்குத்தான் கண்டது. வண்டியில் வேலிக் கதியாலும் ஓலைக் கிடுகும் வந்து இறங்கின. ஏரம்பு கடகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்க, அவனுடைய வரம்பைச் சுற்றி அவனையே மறைக்கிற உயரத்துக்கு வேலி அடைபட்டது. வேலிக்குப் படலை, படலைக்குப் பூட்டு, பூட்டுக்கு மேலே ஒரு பலகை. ‘சுதேச மூலிகைச்சாற்றுப் பரீட்சைச் சபை. இலையைத் தொடுவோர் தண்டிக்கப்படுவர்.’ ஏரம்புவுக்கு வாசிக்கத் தெரியாது. பலகை தொங்குகிற இடத்தில் தன்னைப் போன்றவனுக்கு அலுவல் இல்லை என்பது மட்டும் தெரியும்.

நம்முடைய நாட்டு இலைச்சாறுகள் வயிற்றுப்பூச்சியைக் கொல்லுமா என்று ஆராய ஏற்பட்ட சபை அது. ஏற்பட்டு ஆறு மாதம். மூன்று கதிரை இருந்தது, மணி இருந்தது, முத்திரை இருந்தது. ஆராய்வதற்கு ஒரு இலைதான் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை ஏரம்பு தீர்த்து வைத்தான். சபையின் தலைவர் டொக்டர் கிருபைரட்ணம், சீமையில் படித்தவர், எந்த வெயிலிலும் கோட்டுக் கழற்றாதவர். உப தலைவர் பரமலிங்க முதலியார். அவருக்கு மூலிகை பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தலைப்பாகை இருந்தது. காரியதரிசி நம்முடைய நேசையாதான்.

டொக்டர் வரம்பில் ஏறி நின்று பேசினார்.

“எங்கடை சனங்கள் ஆயிரம் வருஷமாய் இந்த இலையை ஒருத்தரையும் கேளாமல் குடிச்சு வந்திருக்கினம். பூச்சியும் ஒருத்தரையும் கேளாமல் செத்து வந்திருக்கு. இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும். இந்தச் சாறு பூச்சியைக் கொல்லுமோ எண்டது இரண்டாவது கேள்வி. கொல்ல இதுக்கு அதிகாரம் கிடக்கோ எண்டதுதான் முதலாவது.”

கை தட்டினார்கள். மேளகாரர் ஒரு தரம் கொட்டினார்கள். ஏரம்பு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டப் போனான். ஒரே ஒரு பிடி இலை, பிள்ளைக்கு, என்று கேட்டான். டொக்டர் கோபிக்கவில்லை. அவனுடைய தோளில் கை வைத்து விளக்கினார்.

“பரீட்சை முடியாத இலையைக் குடுத்துப் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் அது உன்ரை பொறுப்பு. அதிலை எங்களுக்குக் கரைச்சல் இல்லை. பிள்ளை சுகப்பட்டால்? அதுக்கு ஆர் பொறுப்பு?”

ஏரம்பு மூன்று நாள் யோசித்தான்.

வேலிக்குக் காவலாளி வைத்தார்கள். வேறு ஆருமில்லை, ஏரம்புவின் மச்சான் இளையதம்பி, குணலட்சுமியின் சொந்தத் தாய்மாமன். அதுவரை ஊரில் அவனை ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை. சபை ஒரு பெல்ட்டும் ஒரு விசிலும் கொடுத்தது. பெல்ட்டைக் கட்டிய நாளிலிருந்து அவனுடைய நடையே மாறிவிட்டது. காலையில் படலையைத் திறந்து இலைகளை எண்ணுவான். அறுநூற்றுப் பன்னிரண்டு. பொழுதுபட மறுபடி எண்ணுவான். அறுநூற்றுப் பன்னிரண்டு. இதற்கு முந்தி அவன் நூறுக்கு மேலே எதையும் எண்ணியவன் இல்லை.

முதற் கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வேலிக்குள்ளே நிற்பது ஆடுதின்னாப்பாளைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று டொக்டர் கேட்டார். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லுகிறார்கள் என்றார் முதலியார். ஊர் சொல்வது விஞ்ஞானம் ஆகாது, பெயரிலேயே ஆடு தின்னாது என்று கிடக்கிறது, ஆகவே ஆட்டை விட்டுப் பார்க்கவேண்டும் என்று தீர்மானமாயிற்று. ஆடு வேண்டும். ஏரம்புவிடம் ஒரு கொடியாட்டு மறி நின்றது. அதன் பாலில்தான் குணலட்சுமி உயிரை வைத்திருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

நேசையா ஆட்டுக்கு ஒரு கடதாசி நிரப்பினார். வயது, நிறம், ஊர் எல்லாம் எழுதினார். தகப்பன் பெயர் என்ற இடத்தில் பென்சில் நின்றது.

“கிடாய் ஐயா,” என்றான் ஏரம்பு.

“பேர்?”

“கிடாய்தான்.”

நேசையா ‘கிடாய்’ என்று எழுதிக் கோடு கீறினார்.

பாளை இலையைக் கொண்டுவந்து சீமெந்து நிலத்தில் பரப்பினார்கள். ஆடு அதை மிதித்தது, அதன் மேலேயே புழுக்கை போட்டது, பிறகு முதலியாரின் தலைப்பாகையையே பார்த்துக்கொண்டு நின்றது. டொக்டர் மணிக்கூட்டைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் காத்திருந்தார். ஆடு தின்னவில்லை. மணி அடித்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆறு மாதத்தில் ஒரு கேள்வியும் கேட்காத முதலியார் அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டார். மற்ற இலைகளை ஆடு தின்னுமா என்றும் பார்க்கவேண்டாமா? எல்லோரும் அவரை வியப்போடு பார்த்தார்கள். பலா, பூவரசு, கிளுவை, முருங்கை என்று நாலு குழை முறித்துவந்து அதே நிலத்தில், அதே புழுக்கைக்கு மேலே போட்டார்கள். ஆடு நாலையும் மிதித்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

யாழ்ப்பாணத்து ஆட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு ஆடாவது வளர்த்தவனுக்கு அது தெரியும். குழையைக் கட்டாகக் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டால் முன்னங்காலைத் தூக்கி நின்று மொட்டையாக உரிஞ்சித் தின்னும். அதே குழை நிலத்தில் விழுந்து கால் பட்டுவிட்டால், பட்டினி கிடந்தாலும் மூக்கை வைக்காது. சபையில் இருந்த மூன்று பேர் வீட்டிலும் ஆடு உண்டு. குழை கட்டுவது வேலைக்காரர்.

பின்னால் நின்ற ஏரம்புவுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, நிலத்திலை போட்டால் எந்தக் குழையும் ஆடு தின்னாது. கட்டித் தூக்கோணும்.”

“ஏரம்பு, ஆட்டுக்குச் சாப்பாடு பரிமாற இந்தச் சபை கூடேல்லை,” என்றார் டொக்டர். “விஞ்ஞானம் நிலத்திலைதான் நிக்கும்.”

அதையும் நேசையா எழுதிக்கொண்டார். ஆடு தின்னாதது எதுவோ அதுவே ஆடுதின்னாப்பாளை. ஆகவே பாளையும் பலாவும் பூவரசும் கிளுவையும் முருங்கையும் ஆடுதின்னாப்பாளையே, ஒன்றாம் வகை முதல் ஐந்தாம் வகை வரை. ஐந்தும் சபையின் ஆராய்ச்சிப் பொருள். ஐந்தையும் வேலி அடைத்துக் காக்கவேண்டும்.

அளவெட்டியில் பூவரசும் கிளுவையும் எங்கே நிற்கிறது? வேலியில்தான் நிற்கிறது. கதியால் என்றாலே அதுதான். ஆகவே ஊரில் உள்ள வேலிகளுக்கெல்லாம் வேலி அடைக்கத் தொடங்கினார்கள். அடைக்கக் கதியால் வேண்டும். கதியால் பூவரசு. அப்படி அடைத்த வேலியும் ஆராய்ச்சிப் பொருள் ஆகிவிட்டதால் அதைச் சுற்றி அடுத்த வேலி. ஒழுங்கைகள் ஒடுங்கி, கோயிலுக்குப் போகிற சனம் பக்கவாட்டில் நடந்தது. முருங்கைக்காய்க் கறி வைத்ததற்காக இரண்டு வீட்டுக்காரர் சபைக்கு விளக்கம் எழுதிக் கொடுத்தார்கள். காணி எல்லை வழக்கு நடத்திய ஆட்கள் மட்டும், எது எவருடைய வேலி என்று தெரியாமல் போனதால், கொஞ்ச நாள் ஒற்றுமையாக இருந்தார்கள்.

பிறகு சாற்றுப் பரீட்சை. முதலாவதாக எந்த வகையைப் பிழிவது என்று ஒரு கூட்டம் போட்டு, பூவரசு என்று முடிவு செய்தார்கள். முதலியார் வீட்டு வேலியில் அது தாராளமாக நின்றது. குடிக்க ஒரு பிள்ளை வேண்டும். சபை மருந்து என்கிறார்களே, ஒருவேளை கேட்கும் என்று ஏரம்பு குணலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனான். ஏழு நாள் பூவரசஞ்சாறு குடித்தாள். ஏழு நாளும் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். பூச்சி ஒன்றுகூட விழவில்லை. ‘பூச்சிகள் ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பில் ஏறியது.

எட்டாம் நாள் பிள்ளை கிணற்றடியில் சுருண்டு விழுந்தாள். வாயால் நுரை வந்தது. நுரையோடு உயிருள்ள பூச்சி ஒன்றும் வந்தது. ஏரம்புவின் பெண்சாதி சின்னாச்சி அதைச் சிரட்டையில் எடுத்துவந்து புருஷனுக்கு முன்னால் வைத்தாள்.

“ஒரு பிடி இலைக்கு மேளம் கூட்டின ஆளல்லோ நீங்கள். இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கோ. உவை பிள்ளையைத் தூக்கிற அண்டைக்கும் மேளத்தோடை வருவினம்.”

ஏரம்பு எழுந்து வரம்புக்குப் போனான். இளையதம்பி படலைக்கு முன்னால் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். உன்ரை மருமகளடா, பத்து இலை தா என்று ஏரம்பு கேட்டான். இளையதம்பிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் பெல்ட்டில் இருந்து கையை எடுக்கவில்லை.

“எண்ணிக் கிடக்கு மச்சான். ஒண்டு குறைஞ்சாலும் என்னை மறியலிலை போட்டிடுவினம். வேணுமெண்டால் இந்த விசிலைக் கொண்டுபோ, பிள்ளை ஊதி விளையாடட்டும்.”

வேலியை வெட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்பவர் வெளியூராக இருக்கவேண்டும். இங்கே வேலி வெட்டு வழக்குத் தொடங்கினால் தொடங்கியவரும் வெட்டியவரும் செத்த பிறகும் நடக்கும். அதுவும் இது அரசாங்க வேலி. ஏரம்பு சிறைக்குப் போனால் இறைப்பது ஆர்? பிள்ளையைப் பார்ப்பது ஆர்? அவன் வேலிக்கு வெளியே குந்தியிருந்து, கிடுகு ஓட்டைக்குள்ளால் தன்னுடைய பாளையைப் பார்த்தான். ஐந்து வகையிலும் பிள்ளையைக் காப்பாற்றக்கூடியது அந்த ஒன்றுதான். அதை அவிழ்த்துவிடக்கூடிய அதிகாரம் இந்த ஊரில் டொக்டருக்கும் இல்லை, முதலியாருக்கும் இல்லை, ஆட்டுக்குத்தான் உண்டு என்று அவனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

இரண்டு நாளில் சந்தர்ப்பம் வந்தது. சபையின் வேலையைப் பார்க்க அரசாங்கக் கச்சேரியிலிருந்து வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. துரைக்கு முன்னால் ஆட்டுப் பரீட்சையை நடத்திக் காட்டவேண்டும். சபை கட்டி வைத்திருந்த ஆட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டிக் கொண்டுவரும்படி ஏரம்புவிடம் சொன்னார்கள். முந்திய நாள் மத்தியானத்தோடு ஆட்டுக்குக் குழை வைப்பதை நிறுத்தினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டான்.

மண்டபம் தோரணம் கட்டி, கதிரைக்கெல்லாம் வெள்ளை விரித்திருந்தது. மேளமும் வந்திருந்தது. பாளை இலையை இளையதம்பி எண்ணிக் கொண்டுவந்தான். நாற்பது. ஏரம்பு பணிவாகக் கிட்டப் போய், துரைக்குக் காட்டுகிற இலை செம்மண் தூசாகக் கிடக்கிறது, கழுவித் தரட்டுமா என்று டொக்டரைக் கேட்டான். டொக்டருக்குச் சந்தோஷம். கழுவ அவன் கொண்டுவந்த வாளியில் இருந்தது அரிசி கழுவிய தண்ணீர், அதில் இரண்டு கை உப்பு. இளையதம்பி எண்ணிக் கொடுத்தான், கழுவியபின் எண்ணி வாங்கினான். நாற்பதும் சரி.

“இன்னொண்டும் ஐயா,” என்றான் ஏரம்பு. “நிலத்திலை கிடந்தால் துரை குனிஞ்செல்லோ பார்க்கவேணும். வளையிலை தொங்கவிட்டால் இருந்த இடத்திலை இருந்து பார்ப்பார்.”

துரை குனிவதாவது? டொக்டர் உடனே ஆணை கொடுத்தார். நாற்பது இலையையும் கொத்தாகக் கட்டி, ஆட்டின் தலைக்கு மேலே ஒரு முழத்தில் தொங்கவிட்டார்கள். டொக்டர் எழுந்து, இந்த இலையை ஆடு தின்னாது என்பது விஞ்ஞான முறையில் நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று இங்கிலீசில் ஒரு மணி நேரம் பேசினார். அவர் பேசி முடிப்பதற்கிடையில் ஆடு முன்னங்கால் இரண்டையும் தூக்கி நின்று, கொத்தை உரிஞ்சித் தின்று, கட்டியிருந்த வாழை நாரையும் தின்றுவிட்டது. நாதஸ்வரக்காரர் ஊத எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டார்.

துரை கை தட்டி ஏதோ சொன்னார். ஆட்டுக்கு நல்ல பசி என்றுதான் சொன்னாராம். துரை சபையின் முயற்சியை மெச்சுகிறார் என்று நேசையா தமிழில் சொன்னார்.

துரையின் கார் ஒழுங்கையைத் தாண்டியதும் அவசரக் கூட்டம் கூடியது. டொக்டர் தளரவில்லை.

“விஞ்ஞானத்துக்கு வெக்கமில்லை. ஆடு தின்றது, நாங்கள் எல்லாரும் கண்டம். ஆகவே உது ஆடுதின்னாப்பாளை இல்லை. இவ்வளவு காலமும் உந்தச் செடி கள்ளப் பேரிலை நிண்டு சனங்களையும் சபையையும் ஏமாத்தியிருக்கு. மிச்ச நாலுந்தான் உண்மையான பாளை. கள்ளச் செடிக்குச் சபையின்ரை வேலி ஒரு நிமிஷமும் நிக்கக்கூடாது.”

அன்று பின்னேரமே வேலியைப் பிடுங்கினார்கள். இளையதம்பியை ஒரு முருங்கைக்குக் காவலாக மாற்றினார்கள். பொழுது பட இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது. ஏரம்பு ஓடிப்போய் ஒரு பிடி ஆய்ந்தான். சின்னாச்சி இடித்துப் பிழிந்தாள். ஒரு சின்னக் கரண்டி, அதற்கு மேலே ஒரு சொட்டும் இல்லை, பனங்கட்டித் துண்டோடு.

விடிய இருபத்தேழு பூச்சி விழுந்தது. சின்னாச்சி எண்ணினாள். ஆட்டின் புழுக்கையோடும் பூச்சி வந்தது. அதைச் சபை பார்க்கவில்லை, ஆட்டின் அலுவல் முடிந்தது என்று அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் குணலட்சுமி சோறு கேட்டாள். அடுத்த மாதம் கண் இமைக்குள்ளே சிவப்பு ஓடியது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

நேசையா கேள்விப்பட்டு வந்தார். என்ன மருந்து கொடுத்தாய் என்று கேட்டார். ஏரம்பு இந்த முறை பென்சிலைப் பார்த்தான். “எல்லாம் சபையின்ரை புண்ணியம் ஐயா,” என்றான். நேசையா எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் அறிக்கை அச்சாகி வந்தது. ஏரம்புவுக்கும் ஒரு பிரதி, அரக்கு முத்திரையோடு. குணலட்சுமி ஆட்டுக்கொட்டில் வாசலில் குந்தியிருந்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். இப்பகுதியில் ஆடுதின்னாப்பாளை என்று வழங்கும் செடி அது அன்று என்று சபை கண்டுபிடித்துள்ளது. உண்மையான பாளை பூவரசே. சபை தந்த பூவரசஞ்சாற்றை ஏழு நாள் அருந்திய அளவெட்டி குணலட்சுமி என்ற சிறுமி பூரண சுகம் அடைந்தாள். தன் பெயர் வந்த இடத்தில் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பு, அதைக் குடிச்சுச் சத்தி எல்லோ எடுத்தனான்?”

“எடுத்தனிதான் மோனை. அச்சிலை அது விழேல்லை.”

ஏரம்பு அறிக்கையை வாங்கினான். முதலியார் வீட்டு வேலிப் பக்கம் போய்க் களவாக முறித்துவந்த பூவரசங்குழை ஒரு கட்டுக் கிடந்தது. அந்தக் கட்டோடு சேர்த்து அறிக்கையையும் கயிற்றில் கட்டி வளையில் தொங்கவிட்டான். ஆடு முன்னங்காலைத் தூக்கி நின்றது. அறிக்கையை மணந்தது. தும்மியது. சுற்றிவர இருந்த குழையை ஒரு இலை மிச்சமில்லாமல் உரிஞ்சிவிட்டு இறங்கிப் படுத்துக்கொண்டது. முத்திரையோடு அறிக்கை மட்டும் கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

“அப்பு, உதை மட்டும் ஆடு தின்னேல்லை.”

ஏரம்பு சால்வையை உதறித் தோளில் போட்டான்.

“அப்ப உதுக்கும் ஒரு வேலி அடைக்கோணும். மாமனைக் கூப்பிடு, பெல்ட்டையும் கட்டிக்கொண்டு வரச்சொல்லு.”